மாமிக்கு எழுதிக் கொடுத்த மருந்து

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்பு மகள் அமீராவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் தம்பி ரமீஸும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், என் முட்டி மட்டும் மழைக்கு முன்னால் அறிவிப்புக் கொடுக்கிறது. உன் நலம் எப்படி என்று எழுத வேண்டிய இடம் இது, நன்றாக இல்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன். போன் போட்டால் எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது, பெற்றவளுக்குக் கட்டைவிரலா பதில்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தை நீ கட் பண்ண முடியாது.

பெர்த்தில் நர்சிங் போர்டு உன்னிடம் விளக்கம் கேட்டிருப்பதையும், விசாரணை முடியும்வரை நீ நோயாளிகளைப் பார்க்கலாம் ஆனால் மருந்து எழுதக்கூடாது என்று சொல்லியிருப்பதையும் ரமீஸ் சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே, நான்தான் பிடுங்கினேன். நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் டாக்டரைக் கேட்காமலே மருந்து எழுதும் நர்ஸ் என்று தேக்காவில் நம்ம கடைக்குத் தே தாரிக் டீ குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் உன் அத்தா விளக்கம் சொல்வார், இப்போது யாராவது உன்னை விசாரித்தால் டீயை இன்னும் உயரமாகத் தூக்கி ஆற்றுகிறார். உன்னைப் பார்க்க வந்த இடத்தில் அத்தா கூடப்பிறந்த மாமிக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் கண்டதும், சாப்பாட்டு மேசையிலேயே நீ மருந்து எழுதிக் கொடுத்ததும், அதைச் சாப்பிட்டு அவளுக்கு முகமெல்லாம் தடித்ததும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் யார் எழுதிய மருந்து என்று கேட்டார்களாம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் "என் தம்பி மகதான், டாக்டர் தோத்துடுவாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். யாரும் உன்மேல் புகார் கொடுக்கவில்லை அமீரா, உன் மாமியின் பெருமைதான் உன்னைப் போர்டு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் செய்தேன்.

சின்ன வயதில் ஒரு ஊசி போட்டு இதே மாதிரி வீங்கியது மாமிக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றால், நம்ம பிள்ளைக்குத் தெரியாதா, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிறாள். நீயோ முன்பின் தெரியாதவர் வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று முதலில் கேட்கிறவள், மாமியிடம் மட்டும் கேட்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு எழுதக்கூடாது என்று ஏன் சட்டம் வைத்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது, உறவு என்று வந்தால் கேட்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம்.

இப்போது மாமி ஒரு யோசனையோடு வந்தாள். அமீரா ஒன்றும் எழுதித் தரவில்லை, சிராங்கூன் ரோட்டில் நானே வாங்கிப் பையில் வைத்திருந்த மாத்திரை, காய்ச்சல் மயக்கத்தில் ஏதோ உளறிவிட்டேன் என்று போர்டுக்கு எழுதிவிடுகிறாளாம். ரமீஸ் அதை இங்கிலீஷில் டைப் கூடச் செய்துவிட்டான். உன் அத்தா பரோட்டா மாவைப் போட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார். எலி வந்ததென்று கடையை மூடச் சொன்னார்களே, அப்போது நோட்டீஸை மறைக்காமல் கதவிலேயே விட்டு வைத்தவர் அவர். "எலிக்கு மூடுன கடைய நான் மறுபடி திறந்தேன்லா. பொய்க்கு மூடுனா எந்த முகத்த வச்சிக்கிட்டுத் திறப்பா எம்மவ?" என்று மட்டும் கேட்டார். மாமி அழுதுவிட்டாள், ரமீஸ் அழித்துவிட்டான். அவள் பாவம், உன்மேல் உயிர் அவளுக்கு, அவள்மேல் கோபம் வைக்காதே.

அதனால் நீ நடந்ததை நடந்தபடி எழுது. கேட்காமல் கொடுத்தேன், அது என் தப்பு என்று எழுது. கொஞ்ச நாள் பேனாவை வாங்கி வைத்துக்கொள்வார்கள், திரும்பப் படிக்கச் சொல்வார்கள், மேல் அதிகாரி பக்கத்தில் நிற்பார், நிற்கட்டுமே. ஒருவேளை வேலையே போனாலும் வீட்டுச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. இது முடியும்வரை வேளைக்குச் சாப்பிடு, மேகி மேகி என்று இருக்காதே, ஃபஜ்ர் தொழுகையை விட்டுவிடாதே.

என் விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் கால் வீக்கத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பக் கூடாதென்று சொல்லிவிட்டேன். நானும் உன்னிடம் மருந்து கேட்பதை நிறுத்திவிட்டேன், என் பிரஷர் மாத்திரையைப் பாலிகிளினிக்கில் கவிப்ரியா என்ற நர்ஸ் பார்த்துக்கொள்கிறாள், போகும்போதெல்லாம் ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா என்று முதலில் இருந்து கேட்கிறாள், எரிச்சல் படாமல் பதில் சொல்கிறேன். நீ நர்ஸ் ஆன நாளிலிருந்து போனை எடுத்ததும் பிரஷர் எவ்வளவு என்றுதான் கேட்டாய், நானும் நம்பரைச் சொன்னேன், நீ சரி என்று வைத்தாய். எனக்கு நர்ஸ் கிடைத்துவிட்டாள் அமீரா.

அல்லாஹ் உன் நாவை உண்மையிலும் உன் மனசை அமைதியிலும் வைப்பானாக, ஒவ்வொரு தொழுகையிலும் உனக்கான துஆ இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அத்தா வீட்டில் இருப்பார், அப்போது கூப்பிடு. பிரஷரைக் கேட்காதே, அம்மா என்று கூப்பிட்டுப் பேசு, அது போதும்.

வஸ்ஸலாம்,
உன் அம்மா
ஆமினா பீவி