அரணைக்கு விட்ட இடம்

அன்புள்ள பிந்து கண்ணுவுக்கு,

அங்கே கொட்டுகிற பனியில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா. இங்கே உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். அவருடைய மறதி முற்றிவிட்டது. இந்தப் பீளமேட்டு வீட்டைக் கட்டியவரே, கேட்டைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறார். தோட்டத்தில் அரணையைக் கண்டால் மட்டும்தான் அசையாமல் உட்காருகிறார், அதனால் தோட்டத்தையே அதற்கு விட்டுவிட்டேன். சருகைக் கூட்டுவதில்லை, ரோஜாவுக்கு மருந்து அடிப்பதில்லை, பொள்ளாச்சியிலிருந்து வந்த தேங்காய் மட்டையைச் சுவரோரம் குவித்து, வெயில் படுகிற இடத்தில் தட்டைக் கல்லாகப் பார்த்து இடுக்கு விட்டு அடுக்கி, பூந்தொட்டித் தட்டில் தண்ணீரும் வைத்திருக்கிறேன். வாசல் கூட்ட வரும் மாசாணம், வேலியில போற ஓணானை எடுத்து மடியில உட்ட கதையாட்ட இருக்குதுங்கம்மா என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முன்பெல்லாம் அப்பா சாவியைத் தொலைத்தால் அரணைப் புத்தி என்று நீயும் நானும் கேலி செய்வோமே, கடிக்க ஓடி வந்து பாதியில் மறந்துவிடுமாம் என்று. இப்போது அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை, அதோ வந்துவிட்டது பாருங்க என்று கையை மட்டும் காட்டுகிறேன். நேற்று அப்பா வெயிலில் காய்கிறாரே என்று கல்லைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தப் போனேன். ஏனுங்க, அதை நகத்தாதீங்க என்றார். கல்யாணமான நாள் முதல் என்னை ஏ புள்ளே என்றுதான் கூப்பிட்டவர், ஏனுங்க என்பது நான் அவரைக் கூப்பிடுவது. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம், நீங்க யாரு ஊட்டுங்க என்று கேட்டார். அத்தனை மரியாதையாகக் கேட்டார். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, என்னை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. காரமடை ரங்கநாதர் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டார். லீவை மட்டும் தள்ளிப்போடாதே. கல்லை ஏன் நகர்த்தக் கூடாது என்று நான் கேட்டதற்கு அப்பா சொன்னதை எழுதாமல் விட்டேன் பார். எம் பொண்ணு பிந்து வருதுங்க, அதுக்கு அரணையைக் காட்டோணும் என்றார். உன் பெயர் இன்னும் அவரிடம் இருக்கிறது கண்ணு, இருக்கும்போதே வந்துவிடு.

உன் அம்மா,
பத்மாவதி