இரண்டாவது குட்டி

கார்த்திகை 9, புதன்

காலையில் குட்டி போட்ட கறுப்பாடு இரண்டாவது குட்டியை மட்டும் மடியில் அண்டவிடவில்லை. ஆடு நக்கட்டும் என்று குட்டி மேல் உப்புத் தண்ணீர் தடவி முன்னால் விட்டேன். நக்காமல் முட்டித் தள்ளியது.

“அது பொழைக்காது, வுட்டுடு” என்றார் மாமியார்.

எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. எங்கள் நாயைச் சங்கிலியோடு கொட்டகைக்குள் கூட்டிப் போனேன்.

“புத்தி கீதாடி உனக்கு? நாயப் போயி இட்டுகினு வர்றியே!”

“சும்மா பாருங்க அத்தை.”

நாயைக் கண்டதும் ஆடு இரண்டு குட்டிகளையும் பின்னால் மறைத்துக்கொண்டு முட்ட வந்தது. நாயை வெளியேற்றியதும் இரண்டையும் முகர்ந்து பார்த்தது. பிறகு சின்னதையும் குடிக்கவிட்டது. பாசமா, பயமா, தெரியவில்லை. பால் கிடைத்தது.

இரவு சாப்பிடும்போது அத்தை கேட்டார்: “அந்த நாய்க்குச் சோறு வெச்சியா?”