மர்கெரித்தின் முதல் பெயர்

லாசால், மொன்றியல்
மாசி 12, 2024

என்றைக்கும் என் அன்புக்குரிய றஜனி அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உப்புவெளியில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் கோணேசரையும் மாதாவையும் சேர்த்தே மன்றாடுகிறேன். அவர்கள் இரண்டு பேருக்கும் என்மேல் கோபமில்லை. கோபித்துக்கொண்டது நீங்கள் மட்டும்தான்.

உறையின் பின்பக்கத்தில் மாக்கிரட் வின்சன்ட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, யாரோ தெரியாத மனிசி என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். முந்தி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வாசித்தீர்களா, அடுப்பில் போட்டீர்களா தெரியாது. இதையும் போடுவதென்றால் போடுங்கள், ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டுப் போடுங்கள். இது முழுவதும் என் கதை இல்லை. ஒரு ஜெர்மன்காரியின் கதையும் இருக்கிறது.

முதலில் வீட்டுப் புதினம். இவருக்கு முழங்கால் வருத்தம். பனி அள்ளக் கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகும் விடிந்ததும் சவளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். ஏசினால், பக்கத்து வீட்டுக்காரன் அள்ளிவிட்டான், எங்கட வாசல் மட்டும் வெள்ளையாக் கிடக்குது என்று வெட்கப்படுகிறார். நான் கார்டெரியில், அதுதான் இங்கத்தைய குழந்தைகள் காப்பகத்தில், சமைத்த வேலையை விட்டுவிட்டேன். மகன் டெனிஸ்டன் வலெரி என்ற கியூபெக் பிள்ளையைக் கட்டினது சித்தி மகள் சிவாஜினி சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல பிள்ளை. என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள். புட்டைக் கரண்டியால் சாப்பிடுவாள், அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. அவள் இப்போது பிள்ளைத்தாச்சி. பங்குனியில் பிறக்கும். பெண் பிள்ளை.

அந்த ஜெர்மன்காரி வலெரியின் தாய்வழி முன்னோரில் ஒருத்தி. இருநூற்றைம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்துக்கு முந்தி, இங்கே நடந்த ஒரு சண்டைக்கு இங்கிலாந்து அரசன் ஜெர்மனியிலிருந்து படையைக் கூலிக்கு எடுத்து அனுப்பினானாம். அந்தப் படையோடு சில பெண்களும் கப்பலேறி வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி திரும்பிப் போகாமல் ஆற்றங்கரைக் கிராமமொன்றில் ஒரு கமக்காரனைக் கட்டிக்கொண்டாள். வலெரியின் தாய் லூசி சாகும் வரைக்கும் அவள் யார் என்று தேடிக்கொண்டே இருந்தவ. போன வருடம் லூசி கண்ணை மூடிய பிறகு, அம்மா விட்ட இடத்திலிருந்து நான் தேடுவேன் என்று இவள் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிறப்பதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

பழைய மாதா கோயில் பதிவேடுகளை இப்போது கணினியிலேயே பார்க்கலாம் அக்கா. இந்த நாட்டில் ஒரு நல்ல பழக்கம், கலியாணம் கட்டினாலும் பெண்ணுக்குத் தகப்பன் வழிப் பெயர் போகாது. செத்தாலும் அந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள். அதனால் பெண்களைத் தேடுவது சுகம். ஆனால் இவளுடைய கலியாணப் பதிவில் மட்டும் தகப்பன் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. மர்கெரித், ஜெர்மன்காரி. அவ்வளவுதான். தாயும் மகளும் ஜெர்மனியில் இருக்கிற மர்கரெத்தா எல்லாரையும் தேடித் தேடிக் களைத்துப்போனார்கள்.

மர்கெரித் என்றால் பிரெஞ்சில் மாக்கிரட். என்னுடைய பெயர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலெரி மேசை முழுக்கக் கடதாசியைப் பரப்பிக்கொண்டு அழுகிற முகத்தோடு இருந்தாள். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஏன் பிள்ளை மர்கெரித்தைத் தேடுறாய், அது அவள்ரை பேராய் இருக்காதே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்த மர்கெரித் கத்தோலிக்க வேதக்காரனைக் கட்டியிருக்கிறாள், அதுக்கு முன்னம் அவளை எங்கடை சபையிலை சேர்த்திருப்பினம், அப்ப ஞானத்தாய்க்கு நிண்ட மனிசியின்ரை பேரை வைச்சிருப்பினம், கலியாணத்தை விட்டிட்டு அதுக்கு முந்தின ஞானஸ்நானத்தைத் தேடு என்றேன். உங்களுக்கு எப்பிடி மாமி தெரியும் என்று கேட்டாள். எனக்கு ஞானத்தாயாய் நின்றவ மாக்கிரட் ரீச்சர் என்றேன். அதுவரைக்கும் என் பிள்ளைகளுக்கே அது தெரியாது அக்கா. பிறந்ததிலிருந்தே நான் மாக்கிரட் என்றுதான் நினைத்திருந்தார்கள். டெனிஸ்டன் வாயைத் திறந்தபடி இருந்தான். இவர் மட்டும் எழும்பி யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

வலெரி தேடிப் பார்க்க, நான் சொன்னபடியே இருந்தது. பக்கத்துக் கிராமக் கோயிலில், கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் முந்தி. அவள் ஜெர்மனியில் லுத்தரன் சபையில் பெற்றது செல்லுமோ செல்லாதோ என்ற சந்தேகத்தில் சுவாமி திரும்பவும் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். ஞானத்தாய் மர்கெரித், மா அரைக்கிற ஆலைக்காரன் பெண்சாதி. ஞானஸ்நானம் பெற்றவள் முன்பு சொஃபியா என்று அழைக்கப்பட்டவள், இன்ன ஊர், தகப்பன் படையில் முரசடிப்பவன், தாய் இறந்துவிட்டாள் என்று அந்தச் சுவாமி ஒன்றும் விடாமல் எழுதி வைத்திருந்தார். அவருக்கு மோட்சம் கிடைக்கட்டும். எனக்குத் தண்ணீர் வார்த்த சுவாமி அப்படி எழுதினாரோ தெரியாது. நான் கேட்கவுமில்லை.

வலெரி ஜெர்மனியில் அந்த ஊர்க் கோயிலுக்கு எழுதினாள். சுணங்கினாலும் பதில் வந்தது. அங்கே பதிவேடு பார்க்கிற ஒரு அம்மா, பக்கங்களைப் படம் பிடித்து, எழுத்துக்களை விளங்கப்படுத்தியும் அனுப்பியிருந்தா. சொஃபியாவுக்கு ஒரேயொரு கூடப்பிறந்தவள். மூத்தவள். பெயர் ஒட்டீலியா. தாயில்லாத வீட்டில் தங்கச்சியை அவள்தான் வளர்த்திருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பதிவில் அதெல்லாம் இருக்காது, ஆனால் எனக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாக வாசியுங்கள் அக்கா.

சொஃபியாவுக்கு இங்கே நிறையப் பிள்ளைகள். எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் அவரவர் ஞானத்தாயின் பெயர்தான். கடைசிப் பெட்டைக்கு மட்டும் ஒட்டீலி. அந்தக் கோயிலில் முன்னும் பின்னும் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. லூசி உயிரோடிருந்தபோதே, இதென்ன பெயர், எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தவ. ஜெர்மனியில் ஒட்டீலியாவுக்கும் ஒரு மகள், சொஃபியா போய்ப் பல வருடத்துக்குப் பிறகு பிறந்தவள். அங்கேயும் ஞானத்தாயின் பெயரைத்தான் வைப்பார்களாம். அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாயாய் நின்ற பெண்கள் ஒருத்திக்கும் சொஃபியா என்ற பெயர் இல்லை. ஆனால் பிள்ளையின் பெயர் சொஃபியா.

ஒரு கடிதம் போனதோ வந்ததோ யாருக்கும் தெரியாது. தங்கச்சி இங்கே வாசலில் நின்று ஒட்டீலி, ஒட்டீலி என்று மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். தமக்கை அங்கே நின்று சொஃபியா, சொஃபியா என்று கூப்பிட்டிருக்கிறாள். வலெரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவர் வெளியிலிருந்து தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், அந்த மனிசனுக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

அக்கா, என் மகளைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் கிறேஸ் என்றுதான் தெரியும். அது கோயிலில் அவளுடைய ஞானத்தாய் கொடுத்த பெயர். வீட்டில் நான் கூப்பிடுகிற பெயர் வேறு. மாமியார் உயிரோடிருந்தபோது, இதென்ன பெயர் என்று முகத்தைச் சுளித்துக் கேட்டவ. ரேடியோவில் கேட்டது, நல்லாயிருந்தது, வைத்தேன் என்று சமாளித்துவிட்டேன். இவருக்குத் தெரியும் யாருடைய பெயரென்று. ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நாங்கள் அவளை றஜனி என்றுதான் கூப்பிடுகிறோம். சாப்பிட வா றஜனி, குளிருது சட்டையைப் போடு றஜனி. இத்தனை வருடமாக உங்கள் பெயரைச் சொல்லாமல் இந்த வீட்டில் ஒரு நாளும் விடிந்ததில்லை.

ஆவணித் திருவிழாவுக்கு அங்கே வந்த சிவாஜினி திரும்பிப் போய் எனக்குப் போன் எடுத்தாள். உங்கள் மூத்த மகனின் பெண் பிள்ளைக்குக் கௌசலா என்று பெயராம். நீங்கள்தான் வைத்தீர்களாம். ஏன் அக்கா அந்தப் பேர் என்று அவள் கேட்க, சோறு அடிப்பிடிக்குது என்று எழும்பிப் போய்விட்டீர்களாம். அடுப்பில் அன்றைக்குச் சோறே இல்லையாம், இடியப்பம் கடையில் வாங்கினதாம். கள்ளி!

நட்சத்திரத்துக்கு வந்த எழுத்தென்று சொல்லிச் சமாளிக்கலாம். அப்படியென்றால் அப்படியே இருக்கட்டும். ஆனால் கொஞ்சம் என்னையும் நினைத்திருப்பீர்கள் என்று நான் நம்பிக்கொள்கிறேன். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்கப்போவதில்லை.

இவரைக் கட்டினதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை அக்கா. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் மாட்டேன். தங்கமான மனிசன். ஆனால் அன்றைக்குப் படலையில் நின்று நீங்கள் சொன்னது இன்னும் காதுக்குள் கிடக்கிறது. பேரையே விட்டிட்டுப் போறவளை நான் இனி என்னெண்டு கூப்பிடுறது என்று கேட்டீர்கள். அழுதுகொண்டு போய் வான் வண்டியில் ஏறினேன்.

வலெரி தன் பிள்ளைக்கு என்னுடைய பழைய பெயரை வைக்கவேண்டும் என்கிறாள். அந்தப் பெயர் வேண்டாம், அது ஏற்கெனவே உப்புவெளியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்ப யார் பேர் வைக்கிறது மாமி என்றாள். எனக்கு ஒரு அக்கா இருக்கிறா, அவவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பிள்ளை வயிற்றுக்குள் காத்துக்கொண்டிருக்கிறது, வலெரி ஒவ்வொரு நாளும் அக்கா சொன்னாவா என்று கேட்கிறாள்.

சொஃபியாவுக்கும் ஒட்டீலியாவுக்கும் நடுவில் கடல் இருந்தது, கப்பல் இருந்தது, எழுதப் படிக்கத் தெரிந்திருந்ததோ என்னவோ. எங்களுக்கு நடுவில் ஒரு போன் மட்டும்தான் இருக்கிறது. நம்பரை இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்களுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதாம், சிவாஜினி சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

பெயரை யோசித்து வைத்துக்கொண்டு எடுங்கள். ஆனால் பிள்ளையின் பெயரைச் சொல்வதற்கு முன், அங்கே உங்கள் சின்னப் பேத்தியை விளையாட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில் என்னை ஒருமுறை கூப்பிடுங்கள். எவ்வளவு பனி கொட்டினாலும் நான் ஓம் அக்கா என்று சொல்லுவேன்.

உங்கள் கைச்சோறு தின்று வளர்ந்த,
கௌசலா