காயாத பச்சை பெயிண்டு

மாரி,

வாசல்ல லோடு ஆட்டோ ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்குது, நின்னபடியே எழுதுறேன். நீ இன்னைக்குத் துணிமணி எடுக்க வர்றதா மச்சான் போன்ல சொன்னாரு. சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கு. அடுப்புல கருவாட்டுக் குழம்பு, சாப்பிட்டுட்டுப் போ. நானே வச்சது, உப்பு முன்னப்பின்னதான் இருக்கும்.

மில்லு பங்களாவுல துருப்பிடிச்சுக் கிடந்த அந்தப் பழைய புல் வெட்டுற மெஷினை, மில்லு ஆபீஸ் வாசல்ல காட்சிக்கு வைக்கக் கொண்டு போறேன். ஆயுத பூசை அன்னைக்கு, பெயிண்டு காயுறதுக்குள்ள நீ சந்தனம் குங்குமம் வச்சுட்டன்னு கத்தினேன்ல? நீ கோவிச்சுக்கிட்டுப் பரளச்சிக்கு உங்கம்மா வீட்டுக்குப் போனதும் முழுசாச் சுரண்டிட்டு மறுபடி பச்சை அடிச்சேன். "புல்லே முளைக்காத ஊர்ல இதுக்கு இம்புட்டுச் சோடனையா"ன்னு கேலி பண்ண ஆளில்லாம வேலையே ஓடல.

மத்தியானப் பஸ்ஸுல வந்துருவேன். அதுவரைக்கும் இருப்பியா?

சுந்தரபாண்டி

பீரோக் கதவு இறுகிப்போச்சு, லேசாத் தூக்கித் திற.

இன்னொண்ணு. முழுசாச் சுரண்டினேன்னு எழுதினது பொய். கைப்பிடிக்குக் கீழ, பெயிண்டுல பதிஞ்ச உன் விரல் தடம் மூணையும் அப்படியே விட்டுட்டு, சுத்தித்தான் அடிச்சிருக்கேன்.