தலைகீழாக நட்ட கன்னிக்கால்

ஸ்காபரோ,
10.11.2024

அன்புள்ள கஜானிக்கு,

தொலைபேசியில் கதைத்தால் நீர் கோபத்தில் வைத்துவிடுகிறீர். அதனால் எழுதுகிறேன்.

அம்மா பிடிவாதமாக நிற்கிறா. கன்னிக்கால் தளிர்த்தால்தான் குடும்பம் தழைக்குமாம். எங்கள் கலியாணத்துக்குக் கன்னிக்காலாக உங்கள் முற்றத்தில் நட்ட முள்முருக்கந்தடி தளிர்க்கவில்லை, அதனால்தான் தை மாதம் கருவும் தங்கவில்லை என்கிறா. "அவளின்ரை ராசி அப்பிடி. பட்ட தடியைப் பிடுங்கிப்போட்டு, கோயிலிலை மன்னிப்புக் கேக்கட்டும், பிறகு நீ திரும்பத் தாலி கட்டு" என்று நேற்றும் சொன்னா.

ஆழ்வாப்பிள்ளை மாமாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கிழமை லீவில் வருகிறேன். அது முடிந்ததும் உம்மைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் பத்திரங்களைப் போட்டுவிடுவேன். இதற்கு மட்டும் ஓமென்று சொல்லும், என் செல்லம்.

உம்முடைய,
சிவதர்ஷன்


சண்டிலிப்பாய்,
24.11.2024

அன்புள்ள தர்ஷனுக்கு,

இங்கே மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆடுகள் இரண்டும் பின்வேலி முள்முருக்கை மொட்டையடித்துவிட்டன. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், தின்னத் தின்ன அது தளிர்க்கிறது.

மாமி சொன்னபடி தடியைப் பிடுங்கினேன். பதினைந்து மாதமாக அதைத் தொட எல்லாருக்கும் பயம், எனக்கும்தான். கறையான் பாதி தின்றிருந்தது. மிச்சத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுதேன். மண்ணுக்குள் இருந்தது நுனி! பருமனான அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

நான் விவசாயப் போதனாசிரியர் என்பது உங்களுக்கு மறந்துபோயிருக்கும். முள்முருக்கு அவரைக் குடும்பத்து மரம், வேரில் முடிச்சு வைத்து மண்ணுக்கே உரம் போடும். புகையிலைத் தோட்டத்துக்குத் தழையுரமாகக் குழை, வெற்றிலைக்குக் கொழுகொம்பு, எல்லைக்கு வேலி எல்லாம் அதுதான். ஒரு தடியை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினாலே போதும், பிடித்துவிடும். ஆனால் தலைகீழாக ஊன்றினால் எந்த ராசிக்காரர் ஊன்றினாலும் பிடிக்காது. இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அன்றைக்கு நான் மணப்பெண்ணாக அறைக்குள் இருந்தேன். அப்பா இல்லாத வீடு என்று, "தள்ளுங்கோ, எனக்குத்தான் கைராசி" என்று தடியை வாங்கி நட்டவர் உங்கள் மாமா. கலியாண அல்பம் உங்களிடம்தானே இருக்கிறது? மாமா தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை எடுத்துப் பாருங்கள். மாவிலை கட்டிய மேல்முனை பருமனா, மெலிவா?

கருக் கலைந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் தனியே கிடந்தபோது, 'என் ராசிதானோ' என்று நானும் நினைத்தேன். என்னை அப்படி நினைக்க வைத்ததற்குத்தான் இந்தக் கோபம்.

உங்கள்,
கஜானி


ஸ்காபரோ,
15.12.2024

அன்புள்ள கஜானிக்கு,

படத்தை மூன்று தரம் பார்த்தேன். நீர் சொன்னது சரி. பருமனான பக்கம்தான் மேலே நிற்கிறது.

ஆனால் என்னைக் கனடாவுக்கு எடுத்தவர் மாமா. இந்த வயதில் அவரை அம்மாவுக்கு முன்னால் தலைகுனிய வைக்க என்னால் முடியாது. அல்பத்தை அலுமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன். உண்மை எங்கள் இருவருக்கும் தெரியும்தானே, அது போதாதா? ஒரே ஒரு நாள் நீர் பொறுத்துப்போனால் எல்லாம் சரிவரும். பத்திரங்கள் மேசையில் காத்திருக்கின்றன.

உம்முடைய,
சிவதர்ஷன்


சண்டிலிப்பாய்,
20.01.2025

தர்ஷனுக்கு,

மாமாவின்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தெரியாமல் நட்டார். நீங்கள் தெரிந்துகொண்டு அல்பத்தை மேல்தட்டில் வைத்தீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கட்டிய தாலி கழுத்தில் இருக்கிறது, இன்னொன்று வேண்டாம். பத்திரங்களும் மேசையிலேயே இருக்கட்டும்.

கார்த்திகை மழையோடு முன்வேலிக்குப் பன்னிரண்டு முள்முருக்கந் தடிகளைக் கதியாலாக நட்டேன். அலவாங்கு பிடித்துக் குழி போட்டதும் நான்தான். கையெல்லாம் கொப்புளம். பன்னிரண்டும் தளிர்த்துவிட்டன. பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஆரடி உனக்கு ராசியில்லை எண்டது?" என்று கேட்டா. நான் பெயர் சொல்லவில்லை.

வாசல் படலையடியில் ஒரு குழியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அல்பத்தை மாமியின் மடியில் விரித்துக் காட்டிவிட்டு வாருங்கள். வந்து நீங்களே நடுங்கள், பருமனான பக்கம் கீழே. அடுத்த கார்த்திகை மழைவரை பார்ப்பேன். அதற்குப் பிறகு அதையும் நானே நட்டுவிடுவேன்.

கஜானி