மலை இறங்கும்போது ஏறும் சார்ஜ்

அன்புள்ள அப்பாவுக்கு,

சிம்லாவிலேர்ந்து சகாயராஜ். முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

ஹோட்டல்ல எனக்கு ஓட்டுறதுக்கு எலக்ட்ரிக் கார் கொடுத்திருக்காங்க. இறக்கத்துல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே வண்டி தானா வேகம் குறையுது. உருள்ற சக்கரமே பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துது. அதிசயம்ப்பா!

மேடே பார்க்காத திருக்காட்டுப்பள்ளிக்காரன், முதல் நாள் மலை உச்சியிலேயே முழுசா சார்ஜ் போட்டுக் கிளம்பிட்டேன். நிரம்பின வயல் தண்ணி வாங்குமா? பேட்டரியில இடமில்லாததால, காலை எடுத்தும் வண்டி வேகம் குறையவே இல்ல. பிரேக்கை மிதிச்சு மிதிச்சுக் கருகின வாடை வந்துடுச்சு. பயப்படாதீங்க, ஓரமா நிறுத்தி, சூடு ஆறினப்புறம் இறங்கினேன். இப்பல்லாம் கொஞ்சம் குறைச்சுத்தான் சார்ஜ் போடுறேன்.

அம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க. நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் அனுப்பச் சொல்லுங்க.

நடவு முடிஞ்சதும் ஒருவாட்டி வாங்கப்பா. பிரேக்கைத் தொடாமலே இறக்கிக் காட்டுறேன். சவாரிக்கு வர்றவங்க பின்னாடிதான் உக்காருறாங்க. முன்சீட் எப்பவும் காலியாத்தான் இருக்கு.

கூப்பிடுறாங்க, கிளம்புறேன்.

உங்க மகன்
சகாயராஜ்