பூஜ்யத்தில் ஒரு புள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் தம்பி பக்கத்திலேயே இருப்பார். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் போன் என் கைக்கு வரும். அதற்கப்புறம் நான் என்ன சொல்வது?

அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பீர்கள். மாமா வேளைக்குச் சாப்பிடுகிறார், உடம்பு திடமாகத்தான் இருக்கிறது. ஞாபகம்தான் அடியோடு போய்விட்டது. பஸ் ஓட்டிய காலத்திலேயே இருக்கிறார். ஜன்னலோர நாற்காலி அவருக்கு டிரைவர் சீட்டு. நான் கண்டக்டர். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது என் பெயரை யாராவது சொன்னால் எனக்கு உறைக்கவே நேரமாகிறது. மழைக்காலத்தில் ஒருநாள் கதவு திறந்திருந்தபோது இறங்கிப்போய், பெரிய சாலையின் நடுவில் நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார். உயிரோடு திரும்பியது அதிசயம். அன்றிலிருந்து வீட்டுக் கதவு பூட்டியே இருக்கிறது. சாவி என் இடுப்பில். துணைக்கு வந்துகொண்டிருந்த வேலைக்கார அம்மாவும், மாமா கை ஓங்குகிறார் என்று நின்றுவிட்டார். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்பார் உங்கள் தம்பி. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது என்பது அவர் எண்ணம்.

இனி என் மகள், உங்கள் மருமகளின் சங்கதி. மாணவர்களுக்குப் புள்ளியியல் போட்டி ஒன்று வைத்தார்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தாங்களே வீடு வீடாக விவரம் சேகரித்து, பார்த்ததும் புரிகிற மாதிரி ஒரே சுவரொட்டியில் காட்ட வேண்டுமாம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி படுத்துக்கொள்கிறது அல்லவா? அதனால் மேல்மாடிக்காரர்கள் வெளியே போவது குறைகிறதா என்று பார்க்க, இவளும் இவள் தோழியும் கிளம்பினார்கள். ஒரு வாரத்தில் எத்தனை முறை கட்டடத்தின் கேட்டைத் தாண்டினீர்கள் என்று எல்லா வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத மாமாவை மட்டும் விட்டுவிட்டார்கள். மேல்மாடி வக்கீல், மனைவி துரத்திவிட்டதையும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டாராம்.

கடைசியாக என்னிடம் வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டே, நாலைந்து தடவை என்று போட்டுக்கொள் என்றேன். எங்கெங்கே என்று கேட்டாள். யோசித்தேன். காய்கறி, மருந்து எல்லாம் உங்கள் தம்பி வாங்கி வந்துவிடுகிறார். இந்த வாரம் அப்படி ஆகிவிட்டது, போன வாரத்தைப் போடு என்றேன். போன வாரமும் ஒன்றும் தேறவில்லை. அவள் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சுவரொட்டியில் இடமிருந்து வலமாக எத்தனை முறை என்ற எண்கள், அவற்றின் மேல் ஆளுக்கு ஒரு வட்ட ஸ்டிக்கர். ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. லிஃப்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்றாள். ஆனால் சிவப்பெல்லாம் இடது பக்கமாகவே குவிந்திருந்தது. அதற்கும் இடதுகோடியில், பூஜ்யத்தின் மேல், ஒற்றைச் சிவப்பு. தவறாகக் குறித்திருப்பாய், சரிபார்த்து எடுத்துவிடு என்றாராம் டீச்சர். சரிபார்த்துவிட்டேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் தம்பி வேலையிலிருந்து வந்தபோது, அந்தச் சுவரொட்டி கூடத்துத் தரையில் விரித்துக் கிடந்தது. அந்தப் புள்ளி யார் என்று கேட்டார். சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. “நாலு பேர் பாக்குற எடத்துல நம்ம வீட்ட இப்படியா காட்டுவே? நான் என்னமோ அவளப் பூட்டி வெச்ச மாதிரி” என்றார். எடுத்துவிடடி என்று நானும்தான் சொன்னேன். அவள் அதன் விளிம்பில் நகத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது மாமா எழுந்து வந்தார். குனிந்து, இது எந்த ரூட் என்று கேட்டார். புள்ளிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர், கோடிக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இந்த ஸ்டாப்புல ஒரு ஆளு தனியா நிக்குது. ஏத்தாம வந்துட்டோமே, கண்டக்டர்.”

உங்கள் தம்பி முகம் கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் புள்ளியிலிருந்து நகத்தை எடுத்துவிட்டாள். அது அங்கேயே இருந்தது.

அவரை நான் குறை சொல்லவில்லை அண்ணி. உங்கள் தம்பியை உங்களுக்குத் தெரியாதா? போட்டியன்று தான் வீட்டில் இருப்பதாகவும், என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படியும் அவரே சொன்னார். புடவையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தேன். காலையிலேயே தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், ஏதோ இயந்திரம் நின்றுவிட்டதாம். வாசலில் செருப்பைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றார். நானே கதவைத் திறந்துவிட்டு, அவர் போனதும் பூட்டிக்கொண்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்தப் புள்ளி பிழையா என்று கேட்டாராம். “இல்ல சார், அது எங்கம்மா. இன்னிக்கும் வரல” என்று சொல்லியிருக்கிறாள். வந்து என்னிடம் சொல்லும்போதும் அழவில்லை. என்னைத்தான் உற்றுப் பார்த்தாள்.

சுவரொட்டியை மாதக் கடைசிவரை பள்ளி வராந்தாவில் மாட்டி வைத்திருப்பார்களாம். உங்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும், அதற்குள் ஒருமுறை வர முடியுமா என்று பாருங்கள். எதுவும் வாங்கி வர வேண்டாம். ஒரு பகல் மாமாவோடு இருந்தால் போதும். உங்களையும் அவர் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். மனம் உடைந்துவிடாதீர்கள், ‘ரைட்’ என்று மட்டும் சொல்லுங்கள், அமைதியாகிவிடுவார். பள்ளி நடந்து போகிற தூரம்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

கட்டாயம் திரும்பி வந்துவிடுவேன், அண்ணி.

என்றும் அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி